கிளட்ச் பெடல் தரையோடு போனால்: ஆயில் கிளட்ச் உள்ள பழைய வண்டிக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு குவாலிஸ். வீடு காவேரிப்பட்டணத்தில். மாம்பழ சீசனில் சந்தூர் பக்கம் கூடை ஏற்றுவது, மற்ற நாளில் பாலக்கோடு சந்தை, விருந்தாளி வந்தால் ஓகேனக்கல் என்று அது சும்மா நிற்பதே இல்லை. இந்த வண்டியில் மட்டும் ஐந்து முறை கிளட்ச் போயிருக்கிறது. அப்புறம் மாமா வீட்டு சுமோ, தெரிந்தவர்களின் குவாலிஸ் என்று பார்த்ததில் பழுது வருகிற இடங்கள் திரும்பத் திரும்ப அதேதான்.

முதல் முறை எனக்கு ஒன்றும் தெரியாது. பட்டறையில் விட்டேன். கியர்பாக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தக்காளி ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பெடல் மறுபடி தரையோடு போய்விட்டது. கடைசியில் காரணம், கீழ் சிலிண்டருக்குள் இருந்த கட்டைவிரல் அகல ரப்பர். அந்த ரப்பர்கள் அடங்கிய கிட் விலை சில நூறு ரூபாய். அதனால்தான் இதை எழுதுகிறேன்: பெடலுக்கும் ஃபோர்க்குக்கும் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) நடுவில் இருப்பதையெல்லாம் பார்த்து முடிக்காமல் கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள்.

மாருதி 800, பழைய ஆல்ட்டோ வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவற்றில் கேபிள். குவாலிஸ், சுமோ போல மேலே பெடலுக்குப் பக்கத்தில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும், கீழே பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) வெளிப்பக்கத்தில் அந்த அழுத்தத்தால் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் உள்ள வண்டிகளுக்குத்தான் இந்த வழி. சில கார்களில் ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். அதற்குச் சொல்ல வேண்டியதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வண்டி இப்போது ரோட்டில் நிற்கிறதா?

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது கிளட்ச் போனால், கியரில் இருக்கும் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவராதீர்கள். நியூட்ரல் விழுந்துவிட்டால் மறுபடி கியர் விழாது, இன்ஜின் பிடிப்பும் போய்விடும். இருக்கிற கியரிலேயே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்குங்கள். நிற்கும் நேரத்தில் வண்டி உதறி இன்ஜின் அணையும். அதில் தவறில்லை. ஆனால் இன்ஜின் அணைந்த பின் பிரேக் பூஸ்டருக்கு ஓரிரண்டு அழுத்தம்தான் மிச்சம் இருக்கும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஸ்டியரிங்கும் கனமாகும், அதை எதிர்பார்த்தே பிடியுங்கள். நான்கு பக்க விளக்கையும் போட்டு, ஆட்களை இறக்கித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நிற்க வைத்துவிட்டு 1033க்குப் போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது.

சமமான, காலியான ரோட்டில் என்றால் பெடலை ஐந்தாறு முறை வேகமாக அடித்துப் பாருங்கள். பல நேரம் ஒரு கியர் விழும் அளவுக்கு அழுத்தம் வந்துவிடும். கிளட்ச் ஆயில் டப்பாவில் ஆயில் இல்லை என்றால் பிரேக் ஆயில் ஊற்றுங்கள். அது மட்டும்தான். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் உப்பிப் போகும், முழு லைனையும் மாற்ற வேண்டிவரும்.

கிளட்ச் இல்லாமலேயே முதல் கியரில் போட்டுச் சாவி திருப்பி நகர்த்துவது சிலருக்குப் பழக்கம். சாவி திருப்பியதுமே வண்டி பாயும். ஓரமாக ஒதுக்க இருபது அடி நகர்த்துவதற்கு வேண்டுமானால் சரி, அதுவும் முன்னால் ஆள் இல்லை என்று உறுதியானால் மட்டும். அப்படியே வீடு வரை ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோதும் கியர் விழவில்லை என்றால் கோளாறு கிளட்சில் இல்லை, கியர் லிவர் பக்கம் இருக்கிறது. அணைத்தால் வெண்ணெய் போல விழுகிறது, ஸ்டார்ட் செய்தால் விழவில்லை என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. தொடர்ந்து படியுங்கள்.

அடுத்தது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான சோதனை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இந்த ஊர்க்காரர்களுக்குக் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் உட்கார்ந்து பெடலை மெதுவாக முழுதும் அழுத்தட்டும். நீங்கள் கீழே டார்ச் அடித்து ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி ஃபோர்க்கை எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தெளிவாக நகர்ந்து, பெடலை விட்டதும் திரும்பினால் ஆயில் பக்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அரையும் குறையுமாக அசைந்தாலோ அசையவே இல்லை என்றாலோ கோளாறு ஆயில் பக்கம்தான். கியர்பாக்ஸை யாரும் தொட வேண்டாம். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

அறிகுறி 1: பெடல் தரையோடு போகிறது, தானாக எழும்பவில்லை

*ஆயில் டப்பா காலி அல்லது பாதிக்குக் கீழ்*

எங்கோ ஒழுகுகிறது. கிளட்ச் ஆயில் எரிந்து தீரும் பொருள் இல்லை, குறைந்தால் ஒழுகலைத் தவிர வேறு காரணமில்லை. தேட வேண்டிய இடங்களை நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடி. அதன் உதட்டை விரலால் விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தாலோ கறுப்பாகச் சொட்டினாலோ ஆளைப் பிடித்துவிட்டீர்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இங்கேதான். சேறும் தூசியும் அதிகம் படும் இடம் இது.

அடுத்து வண்டிக்குள். பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரின் கம்பி வெளிவரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். கார்பெட்டைத் தூக்கி முகருங்கள். மாஸ்டர் பின்பக்கம் ஒழுகினால் ஆயில் பெடல் வழியாக இறங்கிக் கார்பெட்டுக்குள் ஊறும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. "எங்கேயும் ஒழுகலை அண்ணா, ஆனால் ஆயில் குறையுது" என்று என்னிடம் வந்தவர்களுக்கு இதுதான் விடை. பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

மூன்றாவது ரப்பர் ஹோஸ், கடைசியாக இரும்புக் குழாயின் நட்டு இணைப்புகள். நட்டைச் சாதா ஸ்பேனரால் திருப்பினால் முனை வழுக்கி உருண்டையாகிவிடும். குழாய் நட்டுக்கென்று இருக்கும் ஃப்ளேர் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்லேவ் உள்ளேயே இருக்கும் கார் என்றால், பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள ஓட்டையிலிருந்து பிரேக் ஆயில் சொட்டும். அப்படிச் சொட்டினால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். வீட்டு வேலை அங்கேயே முடிந்தது, பட்டறைக்குப் போங்கள்.

*ஆயில் நிறைய இருக்கிறது, ஆனாலும் பெடல் அமிழ்கிறது*

இது மாஸ்டரின் உள் ரப்பர் தேய்ந்ததன் அடையாளம். ஆயில் வெளியே போகவில்லை, ரப்பரைத் தாண்டித் திரும்ப டப்பாவுக்கே போகிறது. பெடலை வேகமாக அடித்தால் கியர் விழும், மெதுவாக அழுத்தினால் விழாது. இன்னொரு சோதனை: சமதளத்தில், முன்னால் நிறைய இடம் விட்டு, முதல் கியரில் பெடலை முழுதும் அழுத்தியபடி அரை நிமிடம் காத்திருங்கள், வலது கால் பிரேக் மேலேயே இருக்கட்டும். வண்டி மெல்ல முன்னால் தள்ளப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், மாஸ்டர்தான். சிக்னலில் நிற்கும்போது வண்டி தானாக நகர்கிறது என்று சிலர் சொல்வதும் இதுவே.

*பெடலுக்குக் கனமே இல்லை, தொங்குகிறது*

பெடலையும் மாஸ்டர் கம்பியையும் சேர்க்கும் பின் கழன்றிருக்கும், அல்லது அந்த ஓட்டை தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும். தலையைக் குனிந்து பார்த்தாலே தெரியும். பல பேர் இதைப் பார்க்காமல் ஆயிலை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

*கிட் மாற்றும்போது*

சிலிண்டரைப் பிரித்ததும் உள் சுவரை நன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தால் கீறும்போது எங்காவது தட்டினால், அல்லது துருக்குழி தெரிந்தால், கிட் போடுவது வீண். புது ரப்பரை அந்தக் குழி இரண்டு மாதத்தில் கிழித்துவிடும். முழு சிலிண்டரை மாற்றுங்கள். எமரித் தாளால் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒரு முறை செய்து, அந்த வாரமே மறுபடி பிரித்தேன்.

சுவர் கண்ணாடி போல இருந்தால் கிட் போதும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதிலும் கழுவ வேண்டாம். புது பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். கிரீஸும் உள்ளே கூடாது, ரப்பரைப் பிரேக் ஆயிலில் நனைத்துத்தான் ஏற்ற வேண்டும். ரப்பரின் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். பிரிக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்பார்கள். போதாது என்பது என் கருத்து. கீழே புது ரப்பர் போட்டு அழுத்தம் சரியானதும், மேலே இருக்கும் பழைய ரப்பர் அடுத்ததாகப் போகும். மாமாவின் சுமோவில் ஸ்லேவ் மாற்றிய நாற்பதாம் நாள் மாஸ்டர் போனது, அதுவும் பென்னாகரம் தாண்டி ஓகேனக்கல் இறக்கத்தில், குழந்தைகளோடு. அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறேன்.

அறிகுறி 2: பெடல் பஞ்சு போல இருக்கிறது, இரண்டு மூன்று முறை அடித்தால்தான் கியர் விழுகிறது

லைனுக்குள் காற்று. புதிதாக வேலை பார்த்த வண்டி என்றால் ஏர் முழுதாக எடுக்கவில்லை. யாரும் கை வைக்காத வண்டியில் திடீரென்று வந்தால் எங்கோ ஒழுகல் ஆரம்பித்திருக்கிறது, அறிகுறி 1க்குப் போய் அந்த இடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் இன்று எடுத்த ஏர் அடுத்த வாரம் திரும்ப வந்து உட்காரும்.

ஏர் எடுக்க இரண்டு பேர், மீன் தொட்டிக்குப் போடும், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், ஒரு பாட்டில், மூடி உடைக்காத பிரேக் ஆயில் வேண்டும். டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த டாட் எண். பெரும்பாலும் டாட் 3. டாட் 4 ஊற்றினாலும் கெடுதல் இல்லை. டாட் 5 என்பது சிலிக்கான் வகை, அதை இதில் கலக்கக் கூடாது.

குழாயை ஸ்லேவின் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் முக்கி வையுங்கள். மேலே இருப்பவர் பெடலை மெதுவாக அழுத்தித் தரையில் பிடித்துக்கொண்டு "பிடிச்சிட்டேன்" என்பார். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள், ஆயிலும் குமிழியும் வரும், மூடுங்கள், மூடியபின் "விடு" என்று சொல்லுங்கள். மூடும் முன் பெடலை விட்டால் போன காற்று திரும்பிவிடும். பெடல் தானாக எழும்பவில்லை என்றால் கையால் தூக்கிவிடட்டும். ஐந்து முறைக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அது ஒரு தடவை வற்றினால் எல்லாம் முதலிலிருந்து. குமிழி இல்லாமல், தேன் நிறத்தில் தெளிவாக வரும்வரை எடுங்கள்.

எவ்வளவு எடுத்தும் பெடல் ஏறவில்லையா? ஸ்லேவின் மேல் மூலையில் காற்று தங்கியிருக்கும். ஹோஸைக் கழற்றாமல் ஸ்லேவை மட்டும் பெல் ஹவுசிங்கிலிருந்து இறக்குங்கள். ஆயில் குழாய் சேரும் முனை மேலே பார்க்கும்படி பிடித்து, கம்பியைக் கட்டைவிரலால் மெதுவாக உள்ளே முழுதும் தள்ளுங்கள், பிறகு மெதுவாக விடுங்கள். நான்கைந்து முறை செய்தால் காற்று மேலே டப்பாவில் குமிழியாக வெளியேறும். இந்த நேரத்தில் மேலே யாரும் பெடலைத் தொடக் கூடாது, தொட்டால் பிஸ்டன் தெறித்து வந்துவிடும். எனக்கு ஒரு மதியம் முழுக்க வராத பெடல் இந்த வழியில் பத்து நிமிடத்தில் வந்தது.

ஏர் சுத்தமாக எடுத்தபின்னும் பஞ்சாகவே இருந்தால், பெடலை அழுத்தச் சொல்லி ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். பலூன் போல உப்பினால் ஹோஸை மாற்றுங்கள்.

அறிகுறி 3: காலையில் நன்றாக இருக்கிறது, சூடானதும் கியர் விழவில்லை

சித்திரை வெயிலில், ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தபின் வருகிற கோளாறு இது. வண்டியை ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே காட்டாது.

முதல் சந்தேகம் பழைய ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்தக் கணக்கு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் லைனுக்குள் குமிழி சேர்ந்து, காற்று புகுந்தது போலாகிவிடும். டப்பாவில் இருப்பது காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால் முழுதும் மாற்றுங்கள். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பாதி பயன்படுத்தி மூடிவைத்த டின்னை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆயில் கறுப்பாக, அடியில் மண் போல இருந்தால் அது ரப்பர் கரைந்த கறுப்பு. ஆயிலை மட்டும் மாற்றினால் ஒரு மாதம் ஓடும், அவ்வளவுதான். கிட் போடும் நேரம் வந்துவிட்டது.

அப்புறம் ஹோஸும் குழாயும் சைலன்சர் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் வேலை பார்த்தவர்கள் கிளிப்பையோ வெப்பத் தகட்டையோ திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள்.

அறிகுறி 4: பெடல் கெட்டியாக இருக்கிறது, ஸ்லேவ் கம்பியும் நன்றாகத் தள்ளுகிறது, ஆனால் கியர் விழவில்லை

இங்கே ஆயில் பக்கத்துக்கு வேலை இல்லை. பெடலை முழுதும் அழுத்தி மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கர்ர் என்று பல் உரசினால் பிளேட் முழுதாக விலகவில்லை. ஃபோர்க் வளைந்திருக்கலாம், அது உட்காரும் குமிழ் தேய்ந்திருக்கலாம், பிரஷர் பிளேட் விரல்கள் போயிருக்கலாம், பைலட் பேரிங் இறுகியிருக்கலாம். எல்லாமே கியர்பாக்ஸ் இறக்கும் வேலை. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

மாதக்கணக்கில் மழையில் நின்ற வண்டி மட்டும் விதிவிலக்கு. பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) ஒட்டியிருக்கலாம். இன்ஜினை அணைத்து, நான்காவது கியரில் போட்டு, ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, நாலு பேர் முன்னும் பின்னும் ஆட்டித் தள்ளினால் சில நேரம் விட்டுவிடும்.

அறிகுறி 5: அழுத்தும்போது சத்தம்

அழுத்தினால் சத்தம், விட்டால் நிற்கிறது என்றால் ரிலீஸ் பேரிங். அழுத்தினால் சத்தம் நிற்கிறது, விட்டால் வருகிறது என்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸின் முன் பேரிங். இரண்டும் உடனே வண்டியை நிறுத்திவிடாது, ஆனால் ரிலீஸ் பேரிங் கத்த ஆரம்பித்தபின் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போக வேண்டாம். பெடல் மட்டும் கீச்சென்றால் பின்னுக்குக் கொஞ்சம் கிரீஸ்.

அறிகுறி 6: இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில்தான் முதலில் தெரியும். உறுதி செய்ய, ஹேண்ட்பிரேக் போட்டு நான்காவது கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவை மட்டும் செய்யுங்கள், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகும்.

பிளேட் தேய்ந்ததுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், பல நேரம் உண்மையும்கூட. ஆனால் அதற்கு முன் இரண்டு சோதனை. பெடலை விரலால் அழுத்துங்கள். கனம் தட்டுவதற்கு முன் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் சும்மா இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மாஸ்டர் கம்பி முழுதாகத் திரும்பாமல் ஆயிலை அடைத்துக்கொண்டிருக்கிறது. கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி அந்த இடைவெளியைக் கொடுங்கள். இரண்டாவது, கிளட்ச் வழுக்கும்போதே வண்டியை நிறுத்தி நிப்பிளைக் கொஞ்சம் திறங்கள். பீய்ச்சி அடித்து, அதன்பின் வண்டி நன்றாக இழுத்தால், லைனில் அழுத்தம் சிக்கி நின்றிருக்கிறது: ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கும், அல்லது மாஸ்டரின் சிறு துளை அடைந்திருக்கும். நிப்பிளை இறுக்கி, காற்று போயிருந்தால் எடுத்துவிட்டு, அந்த இரண்டையும் பாருங்கள். தெரிந்தவர் ஒருவரின் குவாலிஸில் பிளேட் மாற்ற நாள் குறித்திருந்தார்கள். ஹோஸ் மாற்றியதோடு சரியாகிவிட்டது.

இரண்டிலும் மாற்றம் இல்லை என்றால் பிளேட்தான். ஆயிரக்கணக்கில் செலவு. கியர்பாக்ஸ் இறங்கும்போதே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நான்கையும் மாற்றிவிடுங்கள். இன்ஜினின் பின்பக்கக் கிராங்க் சீலில் ஈரம் இருந்தால் அதையும். இன்ஜின் ஆயில் பட்டால் புது பிளேட்டும் வழுக்கும். ஃப்ளைவீலில் நீலத் திட்டோ கோடோ தெரிந்தால் லேத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தால் அதன் ஆயுள் உண்மையாகவே முடிந்தது, ரிவெட் ஆழத்தில் இருந்து மேலே ஆயில் பளபளத்தால் சீல்தான் குற்றவாளி, அதை மாற்றினார்களா என்று அங்கேயே நின்று கேளுங்கள்.